ரேடியோ நெல்லும் வணிகர் சொல்லும்

ஒருவன் தன் பொருளைப் பற்றிப் பிறரிடம் பேசுவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சந்தை, மற்றொன்று மன்றம். சந்தைக்கு வருகிறவர்கள் வாங்குவதற்கென்றே வருகிறார்கள். ஆகவே அங்கே கூவி விற்கலாம்; ஒருவர் குரலை மற்றவர் குரல் மிஞ்சலாம்; அதை யாரும் குற்றமாகக் கொள்வதில்லை. மன்றத்துக்கு வருகிறவர்களோ தங்கள் கவலையைச் சொல்லவும், பிறர் அனுபவத்தைக் கேட்கவும், ஒரு முடிவுக்கு வரவும் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே ஒரு வணிகன் எழுந்து சந்தைக் குரலில் பேசத் தொடங்கினால், பேச்சு நின்றுவிடும். அவன் முகத்தைப் பார்ப்பார்கள். சற்று நேரம் பொறுப்பார்கள். பிறகு வேறு மரத்தடிக்குப் போய்விடுவார்கள். ஆயினும் மன்றத்தில் பேசி நல்ல வாணிகம் வளர்த்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் பேசினார்கள், எப்படி எழுதினார்கள் என்பதை இந்தப் பேச்சில் ஆராய்வோம்.

நம் கருத்துக்குப் பொருத்தமான ஓர் ஊரை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் சேத்தியாத்தோப்பு என்ற ஊர் உள்ளது. சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பெருஞ்சாலையும், சிதம்பரத்திலிருந்து புவனகிரி வழியாக விருத்தாசலம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் அது. ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு உண்டு. பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய வீராணம் ஏரி அருகிலேயே இருக்கிறது. 2004 முதல் அந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னை நகரத்துக்கும் போகிறது. ஊரை ஒட்டிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று உள்ளது. எனவே சுற்றுப்புறத்து உழவர்கள் ஒரு பக்கம் நெல்லும் ஒரு பக்கம் கரும்புமாகப் பயிரிடுகிறார்கள். காவிரிப் பாசனத்தின் கடைக்கோடியில் இருப்பவர்கள் அவர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையையும் கீழணையையும் கடந்து, வடவாறு வழியே வீராணத்தில் விழுந்து, அதன் பிறகே அவர்கள் வாய்க்காலுக்கு வரவேண்டும்.

இத்தகைய ஊரில் உழவர் நால்வர் தேநீர்க் கடையில் கூடினால் என்ன பேசுவார்கள்? இந்த ஆண்டு தண்ணீர் எப்போது வரும்? தாமதமானால் எந்த விதை விதைக்கலாம்? ஐப்பசி மழையில் பயிர் மூழ்கினால் என்ன செய்வது? இவை வீண் பேச்சுகள் அல்ல. தவறான விடை ஒன்றை நம்பி விதைத்துவிட்டால் அந்த ஆண்டின் விளைச்சலே போய்விடும். விதைக்குக் கொடுத்த பணம் சிறிது. இழந்த பருவமோ திரும்பி வராது. இப்படிப்பட்ட கூட்டத்தில் விதை விற்பவர் ஒருவர் வாய் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லின் மீது எவ்வளவு பொறுப்பு ஏறியிருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

வாணிகமும் விவாதமும் அருகருகே இருப்பது நமக்குப் புதியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் பறந்த கொடிகளை வரிசையாகக் காட்டுகிறது. கள் விற்கும் கடையின் கொடி ஒன்று. துறைமுகத்தில் நிற்கும் மரக்கலங்களின் கொடி ஒன்று. அவற்றோடு, கற்றறிந்த ஆசிரியர்கள் வாதத்துக்கு வருக என்று அறிவித்து ஏற்றிய கொடியும் உண்டு. விற்பனைக் கொடி வேறு, வாதக் கொடி வேறு. எந்தக் கொடியின் கீழ் நிற்கிறோம் என்பது வருகிறவனுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. அந்நகரத்து வணிகரைப் பற்றியும் புலவர் சொல்கிறார்: அவர்கள் பழிக்கு அஞ்சி உண்மை பேசினார்களாம், தம்முடைய பொருளையும் பிறருடைய பொருளையும் ஒன்றுபோலவே மதித்தார்களாம், கொள்வதில் மிகுதியும் கொடுப்பதில் குறைவும் இல்லையாம். இது புலவரின் புகழ்ச்சியாகவே இருக்கட்டும். நல்ல வணிகன் என்று எவனை அந்தக் காலத்து மக்கள் கருதினார்கள் என்பதையாவது இதனால் அறிகிறோம்.

இனி, நம் காலத்துக்கு அண்மையில் நடந்த ஒரு செய்தியைப் பார்ப்போம். தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ஜப்பானிய இனமான நோரின் 10 என்ற நெல்லையும், கோயமுத்தூரில் 1921இல் வெளியிடப்பட்ட ஜி.இ.பி. 24 என்ற நெல்லையும் இணைத்து உண்டாக்கிய ஒரு புதிய வகையை அந்நிலையம் 1960களின் நடுவில் உழவர்க்கு அளித்தது. அதன் பெயர் ஆடுதுறை 27. ஏறத்தாழ 105 நாளில் விளைவது, குறுவைக்கு ஏற்றது. தஞ்சை மாவட்டத்தில் 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியிருந்ததால், விதை, உரம், கடன், ஆலோசனை ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே கொண்டுசேர்க்க வழியும் இருந்தது. இருந்தும், புதிய விதை ஒன்றை எந்த உழவன் எளிதில் நம்புவான்? தந்தையும் பாட்டனும் விதைத்த நெல்லை விட்டுவிட்டு, ஆராய்ச்சிக்காரர் தந்த நெல்லுக்குத் தன் நிலத்தை ஒப்படைப்பது சிறிய காரியமா?

அப்போது திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் அந்த நெல்லைப் பற்றித் தொடர்ந்து பேசியது. எப்போது விதைக்க வேண்டும், எவ்வளவு உரம் இட வேண்டும், எந்தப் பூச்சி வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பனவற்றைப் பயிரின் பருவத்தோடு ஒட்டி ஒலிபரப்பியது. நெல் பரவியது. பரவியபோது மக்கள் அதற்குத் தாங்களாகவே ஒரு பெயர் வைத்தார்கள். ‘ஆடுதுறை 27’ என்று சொல்ல அவர்கள் நாக்கு ஒப்பவில்லை. ‘ரேடியோ நெல்’ என்றார்கள். கடையிலும் ‘ரேடியோ நெல் கொடு’ என்றே கேட்டார்கள்.

மாணவ நண்பர்களே, இந்தப் பெயரைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ஒரு பொருளுக்கு அதை உண்டாக்கியவர் பெயர் வருவது உண்டு. விளைந்த ஊரின் பெயர் வருவது உண்டு. விற்ற கடையின் பெயர் வருவதும் உண்டு. இங்கே செய்தி சொன்ன வாயின் பெயரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. உழவன் முதலில் நம்பியது நெல்லை அன்று; சொல்லை நம்பினான். அந்தச் சொல் வயலில் மெய்யானபின் நெல்லை நம்பினான். இதுவே நாம் அறிய வேண்டிய முதல் உண்மை. மன்றத்தில் முதலில் விலைபோவது சொல்லே. சரக்கு அதன் பின்னால் வருகிறது.

வானொலியின் சொல்லை உழவர் ஏன் ஏற்றார்கள்? மூன்று காரணங்களைக் கூறலாம்.

வானொலி உழவனின் வினாவிலிருந்து தொடங்கியது என்பது முதற் காரணம். ‘எங்கள் நெல் சிறந்தது’ என்று சொல்வதற்கும், ‘குறுவைக்குத் தண்ணீர் போதாதே என்று கவலைப்படுகிறீர்களா? 105 நாளில் அறுக்கக்கூடிய நெல் ஒன்று இருக்கிறது’ என்று சொல்வதற்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னது சொல்பவனின் செய்தி. பின்னது கேட்பவனின் செய்தி.

சொன்னதைச் சோதித்துப் பார்க்க முடிந்தது என்பது அடுத்த காரணம். 105 நாள் என்று சொன்னால், 105 நாளில் தெரிந்துவிடும். பொய்யானால் அடுத்த பருவத்தில் வானொலிப் பெட்டியைத் திருப்பவே மாட்டார்கள். ‘மிகச் சிறந்தது’, ‘ஒப்பற்றது’ என்பன போன்ற சொற்களை எந்த வயலிலும் சோதிக்க முடியாது. சோதிக்க முடியாத புகழ்ச்சியை அறிவுடையவன் காதில் வாங்குவதில்லை.

வானொலி சொல்லிவிட்டுப் போய்விடவில்லை என்பது மற்றொரு காரணம். நாற்று விட்ட நாளில் பேசிய குரல், கதிர் வாங்கும் நாளிலும் பேசியது. சொன்னவர் அங்கேயே இருக்கிறார், நாளை கேட்டால் விடை சொல்வார் என்ற எண்ணமே பாதி நம்பிக்கையைத் தந்துவிடும்.

இங்கே ஒரு தடை எழலாம். ‘வானொலி அரசாங்கத்தின் நிலையம், அதற்கு விற்க ஒரு சரக்கும் இல்லை, லாபமும் இல்லை. ஆகவே நம்பினார்கள். வணிகனுக்கோ லாபம் வேண்டும். அவன் சொல்லை எப்படி அவ்வாறு நம்புவார்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. லாபம் விரும்புவது குற்றமன்று. அதை மறைப்பதுதான் குற்றம். உழவரில் ஒருவனைப்போல் வேடம் பூண்டு, ‘நான் இந்த விதையைத்தான் விதைத்தேன், பொன்னாய் விளைந்தது’ என்று விதைக் கடைக்காரனே எழுதினால் என்ன ஆகும்? ஒரு நாள் உண்மை வெளிப்படும். அன்று அவன் இதற்குமுன் சொன்ன நல்ல வார்த்தைகளும் பொய்யாகிவிடும். வானொலியிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. விவித் பாரதியில் 1967 நவம்பர் முதல் நாள் வணிக ஒலிபரப்பு தொடங்கியது. அது தனி ஒலிபரப்பாகவே அமைந்தது. விளம்பரம் கேட்கிறோம் என்பது கேட்பவர்க்குத் தெரிந்தது. உழவர் நிகழ்ச்சியில் வரும் பேச்சை விளம்பரமென்று யாரும் ஐயுற வேண்டியதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளைப்போல, இது வேறு அது வேறு என்று அடையாளம் இருந்தது. வணிகனும் ‘நான் இன்ன பொருள் விற்பவன்’ என்ற கொடியை முதலிலேயே ஏற்றிவிட்டு மன்றத்தில் பேசலாம். அப்படிச் சொன்னவனை மக்கள் குறைவாக மதிப்பதில்லை. அவன் தொழிலறிவைப் பயன்படுத்திக்கொள்ளவே விரும்புகிறார்கள்.

கூடிப் பேசுவதனால் வரும் பயன் எவ்வளவு என்பதற்கு ஒரு சோதனையும் நடந்திருக்கிறது. கனடா நாட்டில் 1941இல் உழவர் வானொலி மன்றம் என்ற நிகழ்ச்சி நாடு முழுவதும் தொடங்கியது. அண்டை வீட்டார் ஓரிடத்தில் கூடிக் கேட்டார்கள், கேட்டதை விவாதித்தார்கள், தங்கள் கருத்தை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். ‘வாசி, கேள், விவாதி, செயற்படு’ என்பது அதன் முழக்கம். அந்த முறையை ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோவின் துணையுடன் நம் நாட்டில் 1956இல் சோதித்தார்கள். புனே நிலையம் அக்காலப் பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களுக்கு வாரம் இருமுறையாக 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பியது. ஒவ்வொரு கிராமத்திலும் பதினைந்து இருபது பேர் கூடிக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் விவாதித்தார்கள். ஐயங்களை எழுதி அனுப்பினார்கள். அவற்றுக்கு நிலையம் பின்னர் விடை கூறியது. பிறகு ஆராய்ந்து பார்த்தபோது, மன்றம் இருந்த கிராமத்தாரின் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத கிராமங்களில் அவ்வளவு வளர்ச்சி இல்லை. 1959இல் இம்முறை நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? செய்தி காதில் விழுவதால் மட்டும் வேலை முடிவதில்லை. ஒருவர் ‘அது எங்கள் களிமண்ணுக்கு ஒத்துவராதே’ என்கிறார். மற்றொருவர் ‘நான் செய்து பார்த்தேன், வந்தது’ என்கிறார். மூன்றாமவர் செலவுக் கணக்குப் போடுகிறார். இப்படி உரைத்துப் பார்த்த பின்னரே செய்தி அவர்களுடையதாகிறது. எனவே மன்றத்தில் எழுதும் வணிகன் மறுப்பைக் கண்டு அஞ்சக்கூடாது. மறுப்பு வந்தால் தன் சொல்லை அவர்கள் உரைகல்லில் தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று மகிழ வேண்டும். ஒருவரும் மறுத்துப் பேசாத விளம்பரம் ஒருவரும் படிக்காத விளம்பரமாகவே பெரும்பாலும் இருக்கும்.

எழுதும் முறையை எடுத்துக்காட்டோடு காண்போம். சேத்தியாத்தோப்பு வட்டாரத்து உழவர் ஒருவர், ‘இந்த ஆண்டு தண்ணீர் தாமதமாக வருகிறது, சம்பாவுக்கு எந்த விதை போடலாம்?’ என்று தம் கூட்டத்தில் கேட்கிறார் என்று கற்பனை செய்துகொள்வோம். விதை வணிகர் ஒருவர் அதற்கு இவ்வாறு எழுதுகிறார்:

‘அரிய வாய்ப்பு! மாவட்டத்திலேயே முதல்தரமான விதைகள்! எல்லா மண்ணுக்கும் ஏற்றவை! அமோக விளைச்சல் நிச்சயம்! இன்றே வாருங்கள், சலுகை விலை!’

இதில் கேட்ட கேள்விக்கு விடை இல்லை. தண்ணீர் தாமதம் என்ற சொல்லே இல்லை. எல்லா மண்ணுக்கும் ஏற்ற விதை உலகத்தில் இல்லை என்பது சிறுவனுக்கும் தெரியும். கேள்வி கேட்டவர், ‘இவர் நான் சொன்னதைக் கேட்கவே இல்லையே’ என்று எண்ணுவார். இனி மற்றொரு வணிகர் எழுதுவதைப் பாருங்கள்:

‘ஐயா, நான் விதை வியாபாரம் செய்கிறவன். அதை மனத்தில் வைத்து என் சொல்லை எடைபோட்டுக்கொள்ளுங்கள். சி.ஆர். 1009 ஏறத்தாழ 155 நாள் நெல். ஆகஸ்டு 15இல் விதைத்தால் ஜனவரி மூன்றாம் வாரத்தில் அறுவடைக்கு வரும். அக்டோபர் முதல் தேதி விதைத்தால் மார்ச்சு முதல் வாரம் ஆகிவிடும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள். பால் பிடிக்கும் காலத்தில் தண்ணீர் கிடைப்பது அரிது. ஆகவே தாமதமாக விதைப்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. ஆடுதுறை 39 ஏறத்தாழ 125 நாளில் வரும். அக்டோபர் முதல் தேதி விதைத்தாலும் பிப்ரவரி தொடக்கத்தில் அறுத்துவிடலாம். ஆனால் உங்கள் நிலம் பள்ளமாக இருந்து, மழையில் பயிர் மூழ்குவதானால், இந்த நெல் அதைத் தாங்காது. மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கக்கூடியது சி.ஆர். 1009 சப் 1. அதுவும் நீண்டகால நெல்லாகையால் முன்கூட்டி விதைத்தவர்களுக்கே உதவும். இவை என் கடையிலும் உண்டு. வேளாண்மை விரிவாக்க மையத்திலும் விசாரியுங்கள். எங்கே வாங்கினாலும் சான்றுச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள்.’

இக்கடிதத்தின் சிறப்பு என்ன? முதல் வாக்கியத்திலேயே எழுதியவர் தாம் யார் என்று சொல்லிவிட்டார். அடுத்து, கேட்ட கேள்விக்கே விடை சொன்னார். நாள் கணக்கைக் காட்டினார். படிப்பவர் தம் விரலால் எண்ணிச் சரிபார்த்துக்கொள்ளலாம். தம் கடைச் சரக்கில் ஒன்றை ‘உங்களுக்கு வேண்டாம்’ என்று விலக்கினார். மற்றொன்றின் குறையையும் ஒளிக்கவில்லை. கடையின் பேச்சு கடைசியில் ஒரே வாக்கியமாக வந்தது. அந்தக் கடிதத்தைப் படித்தவர் அவரிடம் விதை வாங்காமலே போகலாம். ஆயினும் அவருக்கு ஒரு பயன் கிடைத்துவிட்டது. அடுத்த முறை ஐயம் வந்தால் யாரைக் கேட்பது என்று அவர் அறிந்துகொண்டார். அவரோடு அந்தப் பேச்சைப் படித்த நூறு பேரும் அறிந்துகொண்டார்கள்.

‘குறையைச் சொன்னால் விற்பனை குறையாதா?’ என்று சிலர் ஐயுறுவர். அன்றைய விற்பனை சிறிது குறையலாம் என்பதை மறுப்பதற்கில்லை. பள்ளமான நிலத்துக்காரர் வாங்காமல் போவார். ஆனால் அவர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மழையில் பயிர் அழுகும். அந்தச் செய்தி அதே மன்றத்தில் அதே நூறு பேர் முன்னிலையில் சொல்லப்படும். சந்தையில் ஏமாந்தவன் தன் வீட்டில் மட்டும் புலம்புவான். மன்றத்தில் ஏமாந்தவன் மன்றத்திலேயே பேசுவான். ஆகவே மன்றத்தில் விற்பவனுக்குப் பொருந்தாத வாடிக்கைக்காரரைத் தானே விலக்குவது ஈகை அன்று. அது கணக்கறிந்த வாணிகம்.

உண்மையைச் சுருக்கமாகச் சொல்வதற்கு ஒரு மாதிரி வேண்டுமானால், விதை மூட்டையில் கட்டியிருக்கும் சிறு சீட்டைப் பாருங்கள். 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் வழிவந்த ஏற்பாடு அது. சான்று பெற்ற விதைக்கு நீல நிறச் சீட்டு. நெல்லாயின் நூற்றுக்கு 80 விதையாவது முளைக்க வேண்டும். புறத் தூய்மை 98 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. ஈரப்பதம் 13 விழுக்காட்டை மிஞ்சக்கூடாது. நூறும் முளைக்கும் என்று அந்தச் சீட்டு சொல்வதில்லை. இருபது முளைக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. எல்லையைச் சொல்வதனாலேயே அது நம்பத்தக்கதாகிறது. வாங்கி வந்த விதையில் நூறை எண்ணி ஈரத் துணியில் முடிந்து வைத்தால், எந்த உழவனும் தன் வீட்டிலேயே அதன் உண்மையைக் கண்டுவிடலாம். நல்ல விளம்பரம் ஒவ்வொன்றும் இப்படி ஈரத் துணியில் முடிந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

இவற்றில் சில இன்று ஒழுக்கத்தின்பாற்பட்டவை மட்டும் அல்ல, சட்டத்தின்பாற்பட்டவையும் ஆகும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான வழியில் நடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க இடமுண்டு. 2022இல் வந்த நெறிமுறைகள், ஒரு பொருளைப் புகழ்ந்து பேசுபவர்க்கு அப்பொருளின் உரிமையாளரோடு உள்ள தொடர்பு கேட்பவர் எதிர்பாராததாக இருப்பின், அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. பழைய நகரத்துக் கொடியையே புதிய சட்டமும் கேட்கிறது.

இன்று கிராமத்து மன்றம் மரத்தடியில் மட்டும் இல்லை. உழவர்களும், நெசவாளர்களும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் கைப்பேசிக் குழுக்களில் கூடிப் பேசுகிறார்கள். அங்கே பெற்றோரின் கடைக்காகவோ, கூட்டுறவுச் சங்கத்துக்காகவோ எழுத்து வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் நீங்களே. ஆகவே இது உங்களுக்குப் புறம்பான செய்தியன்று. புவனகிரி நெசவாளரின் சேலையைப் பற்றியோ, பண்ணுருட்டி முந்திரியைப் பற்றியோ நாளை நீங்கள் எழுத நேரலாம். எழுதுவதற்குமுன் சில நாள் அந்தக் கூட்டத்தின் பேச்சை வாய்மூடிக் கேளுங்கள். அவர்கள் எதை விரும்புகிறார்கள், எதை வெறுக்கிறார்கள், எந்தச் சொல்லால் எதைக் குறிக்கிறார்கள் என்பது அப்போது தெரியும். விற்பனை நோக்கமே இல்லாமல் சில கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததற்குத் தெரிந்தவரைக் காட்டுங்கள். ஒரே அறிவிப்பைப் பத்துக் கூட்டங்களில் அப்படியே ஒட்டாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்தின் வினாவும் வேறு. குழுவைக் கூட்டியவர் விளம்பரம் கூடாது என்று விதி வகுத்திருந்தால், அதை மதித்து நடங்கள். பிறர் வீட்டுத் திண்ணையில் அமர்கிறவன் அந்த வீட்டு முறையை மீறுவது அழகன்று. எழுதிய பிறகு மறுநாளும் அங்கே வாருங்கள். குறை சொல்பவர்க்கு முதலில் விடை கூறுங்கள். புகழ்பவர்க்குப் பிறகு நன்றி சொல்லலாம்.

இவ்வளவும் செய்தாலும், சொல்லுக்குப் பின்னால் பொருள் இல்லாவிட்டால் ஒன்றும் நிற்காது என்பதையும் மறக்கலாகாது. ஆடுதுறை 27 பரவியதற்கு வானொலியின் சொல் மட்டும் காரணமன்று. ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பு இருந்தது. விதையும் உரமும் கடனும் தக்க காலத்தில் கிடைத்தன. நெல்லும் சொன்னபடி விளைந்தது. விளையாமல் போயிருந்தால் அதே மக்கள் அதே ‘ரேடியோ நெல்’ என்ற பெயரை ஏளனமாகச் சொல்லியிருப்பார்கள். பெயர் ஒன்றுதான்; அதைப் புகழாக்குவதும் பழியாக்குவதும் வயல்.

பின்னர் வேறு நெல் வகைகள் பல வந்தன. ஆடுதுறை 27 பின்னுக்குச் சென்றுவிட்டது. ஆனால் உழவர் வைத்த பெயர் மறையவில்லை. காவிரிப் பாசனப் பகுதியின் வேளாண்மை வரலாற்றைச் சொல்பவர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு பருவத்துச் சரக்கு விற்றுத் தீர்ந்துவிடும். மக்கள் நடுவே நின்று அவர்கள் கேட்டதற்கு உண்மையாகச் சொன்ன விடை, சரக்குத் தீர்ந்த பிறகும் சொன்னவரின் கணக்கில் வரவாகவே நின்றுகொண்டிருக்கும்.